கண்மாய்க்கரையில் இறங்கப் போகிறவளுக்கு

தாயி,

மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களின் நீர்க்கணக்கை ஆராயப் போகிறாய், அதற்காக உன் பல்கலைக்கழகமும் நீர்வளத் துறையும் கைகோத்திருக்கின்றன என்று உன் அப்பா சொன்னார். கேட்டதிலிருந்து எனக்கு மனசு நிறைந்திருக்கிறது. திருவாதவூர்ப் பிள்ளை திருவாதவூர்த் தண்ணீரைப் படிக்கப் போவதைவிட இந்தத் தாத்தாவுக்கு வேறென்ன வேண்டும்? கருவிகளையும் கணக்குகளையும் கற்றுத்தர உன் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். ஆட்களோடு எப்படிச் சேர்ந்து நிற்பது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். பல்கலைக்கழகமும் அரசுத் துறையும் சேர்ந்து தொடங்கிய வேலைகள் நடுவழியில் நின்றுபோனதை நிறையப் பார்த்துவிட்டேன். அறிவு போதாமல் நின்றவை அவற்றில் சொற்பம். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காததால் நின்றவைதான் அதிகம். தகவல் என்பது கடன். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

1. ஆய்வுத் திட்டத்தை எழுதி முடித்துவிட்டுக் கண்மாய்க்குப் போகாதே. முதலில் நட. வரத்துக்கால் வந்து விழும் இடத்தில் தொடங்கி, கரையோடு போய், மடைகளைப் பார்த்து, கலுங்கைப் பார்த்து, கடைசி வயல் வரைக்கும் இறங்கு. நீர்பாய்ச்சியைக் கூட அழைத்துக்கொள். அவர் பேசும்போது குறிப்பேட்டைத் திறக்காதே, முதல் நாள் வெறுமனே கேள். என்ன கேட்பது என்பதற்கு நம் கால்வாயின் நிலையைப் பார். பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரைக்கும் 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே நம் மேலூர்ப் பக்கம் 85,563 ஏக்கர் ஒருபோகம். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்கு வந்து, பேரணையில் பிரிந்து, எல்லோருடைய வயலையும் தாண்டி நம்மிடம் வருகிறது. அதனால் இங்கே விவசாயி மனசில் ஓயாமல் ஓடும் கேள்வி, தண்ணீர் எந்தத் தேதியில் வரும் என்பதுதான். மகசூலை மட்டும் விசாரித்த ஆய்வுக் குழுக்களுக்கு நம்மூர்க்காரர்கள் மரியாதையாகப் பதில் சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். தேதியைப் பற்றிக் கேட்டவர்களைத்தான் திண்ணையில் உட்கார வைத்துப் பேசினார்கள்.

2. எது யாருடையது என்று தெரிந்துகொள். தமிழ்நாட்டில் சுமார் 39,000 கண்மாய்களும் ஏரிகளும் இருக்கின்றன. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை பார்க்கும், குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம் பார்க்கும். இது புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்துக்கு வெளியே, ஒரே கண்மாய்க்குள் நாலைந்து அலுவலகங்கள் இருக்கும். நிலத்தின் கணக்கு வருவாய்த் துறையிடம், உள்வாயில் நிற்கும் மரம் சில இடங்களில் வனத் துறையிடம், மீன் குத்தகைக்கு ஏலம் விடுபவர் வேறொருவர், கரம்பை அள்ள அனுமதி தருபவர் இன்னொருவர். 1980-களில் ஸ்வீடன் நாட்டு உதவியோடு சமூகக் காடு வளர்ப்பு நடந்தபோது கண்மாய்களுக்குள் வரிசை வரிசையாக நாட்டுக்கருவேலம் வைத்தார்கள். விறகு வேண்டியிருந்த காலம், நோக்கத்தில் குறை இல்லை. ஆனால் மரம் நிற்கும்வரை தூர்வார முடியாது என்று பாசனக்காரர்கள் சொன்னார்கள். வெட்டினால் யாருக்குப் பங்கு என்று ஊராட்சி கேட்டது. மரத்தில் அடையும் பறவைகளைப் பற்றிப் பிறகு வேறு சிலர் பேசினார்கள். ஒவ்வொருவர் சொன்னதும் நியாயம். நீ ஓர் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு வேலை முடிந்ததென்று நினைக்காதே. மற்ற நான்கு இடங்களிலும் போய் உட்கார்ந்து, இன்ன வேலைக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வா. சொல்லாமல் போனால் தகவல் தெரிந்தவரும் வாயைத் திறக்க மாட்டார்.

3. சிறிய நாற்காலியில் இருப்பவரிடம் பெரிய பணிவோடு பேசு. செயற்பொறியாளரைப் பார்க்கப் போகும்போது எல்லோரும் நன்றாகத்தான் நடந்துகொள்வார்கள். லஸ்கரிடம் நீ எப்படிப் பேசுகிறாய் என்பதில்தான் உன் குணம் தெரியும். ஷட்டரைத் திறப்பவர் அவர், அளவுகோலைப் படித்துப் பதிவேட்டில் எழுதுபவர் அவர், நள்ளிரவில் தண்ணீர்ச் சண்டை வந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே நிற்பவரும் அவர். எந்த மடையில் எத்தனை திருகுக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்பது அவர் கைக்குத் தெரியும். அதேபோல அலுவலகத்தின் பழைய பீரோவையும் மதி. 1883-இல் சென்னை மாகாணத்தில் கண்மாய் சீரமைப்புத் திட்டம் என்று தொடங்கி, கண்மாய் கண்மாயாக அளந்து 'டேங்க் மெமாயர்' எழுதி வைத்தார்கள். கரையின் நீளம், மடையின் அடிமட்டம், கலுங்கின் உயரம், முழு நீர்மட்டம், ஆயக்கட்டு எல்லாம் அதில் இருக்கும். செயற்கைக்கோள் படத்தில் கண்மாய் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். எப்படி இருந்திருக்க வேண்டும் என்பதற்கு அந்தச் செல்லரித்த காகிதம்தான் சாட்சி. அதைக் காட்டச் சொல்லிக் கேள். காட்டினால், நல்லபடியாகப் படியெடுத்து, ஒரு பிரதியை அந்த அலுவலகத்துக்கே கொடு.

4. கரையில் உனக்கும் ஒரு பங்கு உண்டு. வந்தி கதை உனக்குத் தெரியும். நம் வாதவூரரைப் பாண்டியன் வதைத்ததால்தான் வைகை பெருகி வந்தது என்பார்கள். வீட்டுக்கு ஒரு பங்கு என்று கரையை அளந்து விட்டார்கள். பிட்டு விற்கும் கிழவிக்கும் ஒரு பங்கு வந்தது. கூலிக்கு வந்தவர் பிட்டைத் தின்றுவிட்டுத் தூங்கிவிட, அந்த ஒரு பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்தது. அவர் முதுகில் விழுந்த பிரம்படி ஊரில் ஒவ்வொருவர் மேலும் விழுந்தது, அரசன் மேலும் விழுந்தது. ஆவணி மூலத்துக்கு மதுரையில் இதைக் கொண்டாடுகிறோம். எனக்கு அந்தக் கதை குடிமராமத்தின் கதையாகவே தோன்றுகிறது. ஐப்பசி கார்த்திகையில் கரை எப்போது உடையுமோ என்று உதவிப் பொறியாளர் ராத்தூக்கம் இல்லாமல் அலையும்போது வினாத்தாளை நீட்டிக்கொண்டு நிற்காதே. மணல்மூட்டை கட்டும் இடத்தில் சாக்கைப் பிடி, நீர்மட்டத்தைப் படித்துச் சொல், டார்ச் அடி. அந்த இரவில் உனக்குக் கிடைக்கும் பழக்கம் ஒப்பந்தக் காகிதத்தால் கிடைக்காது.

5. விஞ்ஞானம் சரியாக இருந்தும் வயலில் தோற்பதை நீ பார்ப்பாய். அப்போது விவசாயியைக் குறை சொல்லாதே, ஷட்டரைப் போய்ப் பார். 2007-இல் உலக வங்கி உதவியோடு நீர்வள நிலவளத் திட்டம் வந்தது. பாசனம், வேளாண்மை, தோட்டக்கலை, வேளாண் பொறியியல், கால்நடை, மீன்வளம் என்று பல துறைகளையும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தையும் உபவடிநிலம் வாரியாக ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அப்படிச் செய்ததே பெரிய காரியம் என்று இன்றைக்கும் சொல்வேன். பல்கலைக்கழகம் திருந்திய நெல் சாகுபடியை எடுத்துவந்தது. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒரே நாற்று, சதுர நடவு, உருட்டும் களைக்கருவி. எல்லாவற்றிலும் முக்கியம் தண்ணீர் கட்டும் விதம்: வயலில் எந்நேரமும் தேக்கி வைக்காமல், கட்டிய நீர் மறைந்து மண்ணில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தபின் மறுபடி கட்டுவது. இதில் தண்ணீர் மிச்சமாகிறது, வேரும் நன்றாக ஓடுகிறது.

இப்போது நம் கால்வாயை நினைத்துப் பார். நமக்கு 120 நாள் தண்ணீர் விடும் அரசாணையில் முதல் 45 நாள் முழுமையாகவும், அடுத்த 75 நாள் முறை வைத்தும் என்று இருக்கும். அந்த 75 நாளில், அடுத்த முறை சொன்ன தேதிக்கு வருமா என்று நிச்சயம் இல்லாத கடைமடைக்காரர் எந்த நம்பிக்கையில் வயலைக் காயவிடுவார்? கிடைத்தபோது கரை தட்டக் கட்டிக்கொள்வார். அவர் நிலையில் நீ இருந்தால் நீயும் அதையே செய்வாய். ஆக, பல்கலைக்கழகத்தின் பரிந்துரை பொறியாளரின் திறப்பு அட்டவணையை நம்பி நிற்கிறது. பொறியாளர் மிச்சம் பிடிக்க நினைக்கும் தண்ணீர் அந்தப் பரிந்துரையை விவசாயி ஏற்பதை நம்பி நிற்கிறது. இருவரும் ஒருவரையொருவர் விட்டுவிட்டு ஒன்றும் செய்ய முடியாது. உன் ஆராய்ச்சியில் வேறு எதை விட்டாலும் இந்த முடிச்சை விடாதே. ஒத்தக்கடையில், யானைமலை அடிவாரத்தில் 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அதே சாலையில் இன்னும் கொஞ்சதூரம் போனால் மேலூரில் கால்வாய்க்கான பொறியாளர் அலுவலகம். இரண்டுக்கும் நடுவே நடப்பதே உன் வேலையின் பாதி.

6. மூன்று நாட்காட்டிகளை ஒரே சுவரில் மாட்டு. அரசு அலுவலகத்துக்கு ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அவர்களிடம் எதையும் கேட்காதே, பில் முடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். உனக்கு ஆய்வுக்காலம் முடியும் தேதி இருக்கிறது. கண்மாய்க்கோ வடகிழக்குப் பருவமழைதான் ஆண்டு. மூன்றும் ஒத்துப்போகாது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டால் கோபம் வராது.

7. அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். உன்னோடு மனமொத்து வேலை செய்த பொறியாளர் திடீரென்று தென்காசிக்கோ திருவள்ளூருக்கோ மாறுதலில் போவார், புதிதாக வருபவர் உன்னை யாரென்று கேட்பார். ஆகவே நட்பை ஆளிடம் வை, வேலையைக் கோப்பில் வை. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவையும் அரைப்பக்கத்தில் எழுதி, தபாலில் கொடுத்து, முத்திரை போட்டு வாங்கிக்கொள். மாறிப்போனவரையும் மறக்காதே. பொங்கலுக்கு ஒரு வார்த்தை பேசு. அவர் எந்த ஊருக்குப் போனாலும் அங்கேயும் கண்மாய் இருக்கும்.

8. ஊர் என்பது மூன்றாவது ஆள் என்று நினைக்காதே, முதல் ஆள் அதுதான். இதைக் கற்றுக்கொள்ள நம் மாநிலத்துக்கே பல ஆண்டுகள் ஆயின. 1984-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு பொதுப்பணித் துறை கண்மாய்களை நவீனப்படுத்தத் தொடங்கியபோது வேலையின் பெரும்பங்கு கட்டுமானம். மடையைப் புதுப்பித்தார்கள், வாய்க்காலைக் கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டினார்கள். அதே ஆண்டுகளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையத்தில் இருந்தவர்கள் வேறொரு கேள்வியைப் பிடித்தார்கள்: கட்டியதை நாளைக்கு யார் பராமரிப்பார்கள்? பாசனக்காரர்களோடு உட்கார்ந்து, அவர்களையும் திட்டமிட வைத்துப் பார்க்கும் செயல்வழி ஆராய்ச்சியை நடத்தினார்கள். 1992-இல் மதுரைப் பக்கத்தில் 'வயலகம்' என்று பாசனக்காரர் சங்கங்களை அமைக்கும் வேலை தொடங்கியது. 1997-இல் தானம் அறக்கட்டளை உருவாகி அதை எடுத்து நடத்தியது. 2000-இல் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் வந்தது, 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசுத் திட்டம் வந்தது.

இவை எல்லாமே நினைத்தபடி நடந்தன என்று சொல்ல மாட்டேன். சங்கம் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்த ஊர்கள் உண்டு. ஆனால் கேள்வி சரியான கேள்வி. நேபாளத்தின் பாசன அமைப்புகளை ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ராமும் அவருடன் இருந்தவர்களும், கல்லையும் மண்ணையும் வைத்து விவசாயிகளே நடத்திய கால்வாய்கள், அரசு கட்டிய நல்ல தலைமதகு உள்ள கால்வாய்களைவிடக் கடைமடைக்கு நன்றாகத் தண்ணீர் சேர்த்ததைக் கண்டார்கள். அவருக்கு 2009-இல் பொருளாதார நோபல் கிடைத்தபோது நம் ஊர் நீர்பாய்ச்சிகளின் முகங்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. ஊரில் யார் பேசுகிறார்கள் என்பதையும் கவனி. கூட்டத்தில் முன்வரிசையில் இருப்பவர்கள் தலைமடைக்காரர்களாக இருப்பார்கள். கடைமடைப் பெண்களையும், நிலமே இல்லாமல் மீனுக்கும் கோரைக்கும் ஆட்டுக்கும் கண்மாயை நம்பியிருப்பவர்களையும் அவர்கள் வீட்டுக்கே போய்க் கேள்.

9. பெயரை எழுது. நம்மூர் ஓவாமலைக் குகையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி எழுத்துகள், கற்படுக்கையை வெட்டுவித்தவர்களின் பெயரைச் சொல்கின்றன. உன் கட்டுரையிலும் அளவு எடுத்துக் கொடுத்த பொறியாளரின் பெயர் இருக்கட்டும். கூட எழுதியவராக இருந்தால் ஆசிரியர் வரிசையில், உதவியவராக இருந்தால் நன்றியுரையில். நீர்பாய்ச்சியிடமும் லஸ்கரிடமும், பெயரைப் போடலாமா என்று முதலில் கேள். போடலாம் என்றால் முழுப்பெயரோடு போடு, அச்சானதும் கொண்டுபோய்க் காட்டு.

10. கசப்பான உண்மையை மறைக்காதே, முதுகுக்குப் பின்னாலும் சொல்லாதே. கணக்கில் காட்டிய ஆயக்கட்டு வயலில் இல்லை என்றோ, தூர்வாரியதாக எழுதிய இடத்தில் மண் அப்படியே கிடக்கிறது என்றோ உன் அளவு சொல்லக்கூடும். அதை முதலில் அந்த அலுவலகத்துக்கே எழுதிக் கொடு. பதில் சொல்ல அவகாசம் கொடு. சில நேரம் உனக்குத் தெரியாத காரணம் அவர்களிடம் இருக்கும். பேச்சுவாக்கில் ஒருவர் சொன்னதைப் பத்திரிகையில் போட்டுவிட்டு அந்த அலுவலகத்தின் கதவைப் பின்னால் வந்த எல்லா மாணவர்களுக்கும் சேர்த்துச் சாத்திய ஓர் ஆய்வாளரை எனக்குத் தெரியும். ஆனால் அவகாசம் கொடுத்த பிறகும் உண்மை உண்மையாகவே நின்றால், அதை வெளியிடு. நட்புக்காக ஓர் எண்ணைக்கூட மாற்றாதே. மாற்றிய எண்ணைத் துறையும் நம்பாது, ஊரும் நம்பாது.

நம் பக்கத்திலேயே பார். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் குன்றுகளில் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. சுமார் 250 வகைப் பறவைகள், வல்லூறுகள், தேவாங்கு, எறும்புத்தின்னி, சுனைகள், கண்மாய்கள் என்று எழுதிவைத்த பட்டியல் அதற்கு அடிப்படை. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்தத் தலத்தையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. ஊர் ஊராக மக்கள் எழுந்தார்கள். டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வென்றது மக்கள்தான். ஆனால் அவர்கள் கையில் எடுத்துக் காட்ட, முன்பே எழுதி அரசாணையாக்கிய ஒரு காகிதம் இருந்தது. விடியற்காலையில் குன்றடியில் நின்று பறவைகளை எண்ணியவர்கள் சுரங்கத்தை நினைத்து எண்ணவில்லை. நீ எடுக்கும் ஒவ்வொரு அளவையும் அந்த நேர்மையோடு எடு. அது எப்போது யாருக்கு வேண்டியிருக்கும் என்று உன்னால் இப்போது சொல்ல முடியாது.

11. தமிழில் எழுது. ஆங்கிலக் கட்டுரை உன் பட்டத்துக்கு வேண்டும், எழுதிக்கொள். அதே வாரத்தில் இரண்டு பக்கம் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டு, பாசனச் சங்கக் கூட்டத்தில் வாய்விட்டுப் படி. செயற்பொறியாளருக்கு ஒரே பக்கம் போதும்: எந்த மடை, என்ன பழுது, எதை முதலில் செய்தால் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் போகும். அவர் மதிப்பீடு தயாரிக்கும்போது மேசைமேல் எடுத்து வைத்துக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். கேள்வி கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை என்று நம் பக்கத்து ஊர்களில் ஒவ்வொரு வீட்டிலும் சொல்வார்கள். நீ திரும்பிப் போ. கெட்ட சேதியோ நல்ல சேதியோ, போய்ச் சொல்.

12. இனி உடனே செய்ய வேண்டியவை. ஒருபோகத்துக்குத் தண்ணீர் பெரும்பாலும் செப்டம்பர் நடுவில் திறப்பார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே மேலூர் அலுவலகத்துக்குப் போய்விடு. திங்கட்கிழமை வேண்டாம், குறைதீர் நாளுக்காகப் பலரும் கலெக்டர் அலுவலகத்தில் இருப்பார்கள். கடிதம் தமிழில் இருக்கட்டும், இரண்டு பிரதி எடுத்துப் போ. என்ன தகவல் வேண்டும் என்பதோடு, நீ என்ன தருவாய், எந்த மாதத்தில் தருவாய் என்பதையும் அதில் எழுது. மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கும். அங்கே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, எந்தக் கால்வாயைப் பற்றி யார் என்ன கேட்கிறார்கள், எந்தத் துறை எழுந்து பதில் சொல்கிறது என்று குறித்துக்கொள். முதல் கூட்டத்துக்கு நானும் வருகிறேன். காலை பஸ்ஸிலேயே போய்விடலாம், உன் அப்பாவிடம் சொல்லிவை.